நாற்பத்தேழாம் எண் கைதியின் நல்லடக்கம்

பாம்பனுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி விரியும் மணல்வெளியில், அந்த ஆண்டு மே மாதம் பர்மா அமைந்திருந்தது. மூங்கில் கம்பங்கள், தகரக் கொட்டகைகள், நான்கு மூலைகளிலும் காவல் கோபுரங்கள், இரட்டை வரிசையில் முள்கம்பி வேலி என இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சிறை முகாம் ஒன்றை ஒரு சினிமாக் கம்பெனி பதினெட்டே நாள்களில் எழுப்பியிருந்தது. பர்மாக் காட்டுக்குள் பனைமரம் நிற்குமா என்ற ஐயம் யாருக்கும் எழவில்லை. எழுந்திருந்தாலும் இயக்குநரிடம் அதைச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை.

கைதிகள் நாற்பது பேர். விசைப்படகுகளுக்கு அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை நடந்துகொண்டிருந்ததால், கரையில் சும்மா இருந்த மீனவர்களே அவர்களில் பெரும்பாலோர். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து சில விவசாயிகளும் வந்திருந்தார்கள். கதைப்படி இவர்கள் பட்டினியில் வாடியவர்கள். ஆனால் காலையில் பொங்கலும் மதியம் ஆட்டுக்கறியும் நாலு மணிக்கு வடையுமாகக் கம்பெனி போட்ட சாப்பாட்டில், ஒரே வாரத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ ஏறிவிட்டது. ஒப்பனைக்காரர் தினமும் காலையில் அவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு மார்பிலும் கரித்தூளால் விலா எலும்பு வரைந்தார். நாளுக்கு நாள் அவருக்கு அதிகக் கரி தேவைப்பட்டது.

இந்த நாற்பது பேரில் சகாயவினோத்துக்கு நாற்பத்தேழாம் எண் கிடைத்திருந்தது. நாற்பது பேருக்குள் நாற்பத்தேழு எப்படி வந்தது என்று அவன் கேட்டான். ஏழு பேர் கதை தொடங்குமுன்பே செத்துவிட்டார்கள் என்று உதவி இயக்குநர் விளக்கினார்.

இருபத்தொன்பது வயதான சகாயவினோத், விசைப்படகில் வலை இழுப்பவன். கதாநாயகனை அருகில் பார்க்கலாம் என்ற ஒரே ஆசையில் தானாகவே வரிசையில் போய் நின்றவன். ஆசை நிறைவேறியது. எல்லாக் காட்சியிலும் கதாநாயகனுக்கு இடப்பக்கம் அவனை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள், மொட்டைத் தலையுடன் கதாநாயகன் மூக்கைச் சிந்தும் படம் ஒன்று யாரோ ஒரு கைதியின் கைபேசி வழியாக உலகெங்கும் பரவியது. அன்றே எல்லாருடைய கைபேசிகளும் பறிக்கப்பட்டன. வாயிலில் கறுப்புச் சட்டை போட்ட தடியர்கள் ஆறு பேர் நிறுத்தப்பட்டார்கள். இந்தக் கட்டம் முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. பொய்யாகக் கட்டப்பட்ட முகாம் அன்றைய தினத்திலிருந்து மெய்யாகவே முகாமாகிவிட்டது.

திங்கட்கிழமை தண்ணீர் லாரிக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அனுப்பியவள் லீமாரோஸ், அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்.

"சனிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்குப் பங்குச்சாமி வரச் சொல்லியிருக்காராம். மூணாவது தடவையும் நீ வரலன்னா, அடுத்து வாசிக்கிற ஓலையில அந்தப் புள்ள பேரு வருமாம். ஆனா ஒம்பேரோட வராதாம்" என்றார் லாரிக்காரர். பிறகு தன் சொந்தக் கருத்தாக, "நல்லாச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. அதான் தம்பி எனக்கே பயமாருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

கத்தோலிக்கக் கோயிலில் திருமணம் நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். முதல் ஓலைக்கு முந்தைய நாள் இருவரும் பங்குச்சாமி முன்னால் நின்று செபங்களை ஒப்புவித்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கல்யாணம் ஜூன் பத்தாம் தேதி. தடைக்காலம் முடிந்து பதினைந்தாம் தேதி படகுகள் கடலுக்குப் போய்விடும். ஆகவே முதல் ஓலை இந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டே ஆக வேண்டும்.

இதற்கு முன் இருமுறை ஒப்புவிக்க நாள் குறித்தார்கள். முதல் முறை, எல்லை தாண்டினான் என்று பிடிபட்டு அக்கரைச் சிறையில் நான்கு மாதம் இருந்தான். இரண்டாம் முறை, அறுந்துபோன வலையைத் தேடிப் போய், இயந்திரம் நின்று, இரண்டு நாள் கடலில் மிதந்துவிட்டு வந்தான். இரண்டையும் லீமாரோஸ் பொறுத்தாள். தற்போது முள்கம்பி வேலி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய் அதற்குள் உட்கார்ந்திருப்பவனை எந்தக் கணக்கில் பொறுப்பது என்பதே அவள் கேள்வி.

அவன் முதலில் தயாரிப்பு மேலாளர் பாண்டித்துரையிடம் போனான். மானாமதுரைக்காரர், கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கவிட்டிருப்பவர்.

"ஒரே ஒரு மணி நேரம்ண்ணே. போயிட்டு ஓடியாந்துருவேன்."

"நீ ஹீரோ பக்கத்துல நிக்கிற ஆளுய்யா. திடீர்னு நீ இல்லாமப் போனா, நாப்பத்தேழு எங்கடான்னு படம் பாக்கிறவன் கேக்க மாட்டானா?"

"கேக்க மாட்டாங்கண்ணே."

"கேப்பாய்ங்க. இப்பல்லாம் போன்ல நிறுத்தி நிறுத்திப் பாக்கிறாய்ங்க. போய் எலும்பு வரஞ்சுக்க, போ."

அன்று மதியம் வடமேற்குக் காவல் கோபுரத்தின் நிழலில், கறிச்சோற்றுத் தட்டுகளோடு, தப்பிக்கும் குழு முதல் முறையாகக் கூடியது. குழுவில் மூவர். அக்கரைச் சிறைகளில் நான்கு முறை இருந்து வந்த வேதநாயகம், அனுபவம் கருதித் தலைவராக்கப்பட்டார். உச்சிப்புளிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்த வேல்ராஜ் கிணறு வெட்டுகிறவன். மூன்றாமவன் மாப்பிள்ளை.

"நீங்க சொல்லுங்கண்ணே, அங்கன இருந்து எப்படித் தப்பிச்சீக?" என்று பயபக்தியோடு கேட்டான் வேல்ராஜ்.

"தப்பிக்கிறதா?" வேதநாயகம் எலும்பைக் கடித்து உறிஞ்சினார். "எவன் தப்பிச்சான்? உக்காந்திருந்தோம். நீதிபதி வருவாரு, அடுத்த தேதி சொல்லுவாரு. திரும்ப உக்காந்துக்குவோம். இங்கன இருந்து மனு போகும், மந்திரி பேசுவாரு. ஒருநா காலையில போங்கடான்னாங்க, வந்தோம்."

"அப்ப எதுக்குண்ணே ஒங்களத் தலைவராப் போட்டோம்?"

"ஏலே, ஜெயிலுக்குள்ள எப்படி உக்காரணும்னு எனக்குத்தானடா தெரியும்."

உட்காருவதற்கு நேரமில்லாத சகாயவினோத், வேல்ராஜைப் பார்த்தான். சுரங்கம் தோண்டலாம் என்றான் வேல்ராஜ். பின்பக்கக் கொட்டகையிலிருந்து வேலிக்கு அப்பால் பதினைந்தடி. தன்னால் ஒரே நாளில் முடியும். தோண்டுகிற மண்ணை எங்கே கொட்டுவது என்ற கவலைகூட இல்லை, சுற்றிலும் மணல்தானே என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை, மற்றவர்கள் படப்பிடிப்பில் இருந்தபோது, தட்டையும் கரண்டியையும் கொண்டு அவன் தொடங்கினான். இரண்டு முழம் இறங்கியதும் தண்ணீர் வந்துவிட்டது. தீவின் மணலில் நல்ல தண்ணீர் அவ்வளவு மேலே கிடக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். ஆனால் சுரங்கத்தையும் ஊற்றையும் சேர்த்து நினைத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மதியம் சகாயவினோத் போய்ப் பார்த்தபோது வேல்ராஜ் குழியருகே முழங்காலிட்டு, இரு கைகளாலும் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"இனிப்பா இருக்குய்யா. குடிச்சுப் பாரு." அவன் கண்கள் கலங்கியிருந்தன. "எங்க ஊருல எரநூறு அடி எறங்கியிருக்கேன். உப்புத் தண்ணிதேன் வந்துச்சு. இங்கன என்னடான்னா கரண்டியால கீறினா வருது."

"வெளிய போற வழிண்ணே?"

"எந்த வழி?" என்று கேட்டான் வேல்ராஜ்.

புதன்கிழமைக்குள் முகாம் முழுக்க அங்கே வந்து தண்ணீர் குடித்தது. கலை இயக்குநர் வந்து பார்த்து மகிழ்ந்து, குழியைச் சுற்றி நான்கு கற்களை வைத்து, 'கைதிகளின் ஊற்று' என்று அதைப் படத்தில் சேர்த்துவிட்டார். பின்னாலேயே வந்த பாண்டித்துரை குழியின் திசையையும் வேலியின் தூரத்தையும் சகாயவினோத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டா, வேர்வை சிந்தாம வெளிய போக வழி இருக்கு, தெரியுமா? செத்துப் போயிரணும். கதையில செத்தவனுக்கு அதுக்கப்புறம் இங்க என்ன சோலி? அன்னைக்கே போனக் குடுத்து வேன்ல ஏத்தி அனுப்பிருவோம்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் தப்பிக்கும் குழு அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. இந்த முகாமில் விடுதலைக்கு ஒரே பெயர் மரணம். ஆகவே யாராவது சுடும்போது குறுக்கே போய் விழுந்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. வேதநாயகம் மட்டும், "கல்யாணத்த வச்சுக்கிட்டுச் சாவு வேசம் போடலாமாடா?" என்று தயங்கினார். "சாகலன்னா கல்யாணமே இல்ல சித்தப்பா" என்றான் சகாயவினோத். தர்க்கத்தில் குறை காண முடியாமல் அவர் சம்மதித்தார்.

தீர்மானம் இரகசியமானது. நாற்பது பேர் ஒரே கொட்டகையில் தூங்கும் இடத்தில் இரகசியம் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் அது தாங்கியது.

வியாழக்கிழமைக் காட்சியில், எதிரிப்படைத் தளபதி கைதிகளை அணிவகுக்கச் செய்து, மற்றவர்களுக்குப் பாடமாக ஒருவனைச் சுட்டுக் கொல்ல வேண்டும். சாக வேண்டியவர் சென்னையிலிருந்து வந்த நடிகர்; சட்டைக்குள் இரத்தப் பையோடு முன்வரிசையில் நின்றார். தளபதி துப்பாக்கியை உயர்த்தினார். ஒரே ஒரு வெடி.

சகாயவினோத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கடலில் விழுகிறவன் போலப் பக்கவாட்டில் சரிந்தான். மணலில் கன்னம் பதிந்தபோது, தனக்குப் பின்னால் பொத்துப் பொத்தென்று ஏதோ விழும் ஓசை கேட்டது. அது நெடுநேரம் ஓயவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். நாற்பது கைதிகளும் இறந்து கிடந்தார்கள். சிலர் கைகால் உதறினார்கள். ஒருவர் "அம்மா" என்றார். வேல்ராஜ் விழுமுன் இடம் பார்த்து நிழலில் விழுந்திருந்தான். அந்த மணல்வெளியில் கதாநாயகனைத் தவிர, கைதி உடையில் நிமிர்ந்து நின்ற ஒரே மனிதர், சுடப்பட்ட சென்னை நடிகர்தான். தன் முறை வந்துவிட்டதா என்று தெரியாமல் அவர் இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தார்.

"ஒரு குண்டு, நாப்பது பொணமா? இது என்ன துப்பாக்கியா, இல்ல காலராவா?"

யாரும் பதில் சொல்லவில்லை. இறந்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இயக்குநர் பிணங்களுக்கிடையே நடந்து வந்து சகாயவினோத்தின் தலைமாட்டில் நின்றார்.

"இவன் விழுந்தது மட்டும் உண்மையா இருந்துச்சு. நாளைக்கு வேலியில சாகிறவன் இவனா இருக்கட்டும். மத்தவங்கள எழுப்புங்க."

வெள்ளிக்கிழமை சகாயவினோத் செத்தான். ஒரே முயற்சியில் செத்தான். வேலியை நோக்கி ஓடி, கம்பியில் ஏறி, வெடிச்சத்தம் கேட்டதும் இரு கைகளையும் விரித்து அப்படியே தொங்கிவிட்டான். படப்பிடிப்புக் குழுவே கைதட்டியது. ஒப்பனைப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அவன் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே பாண்டித்துரையிடம் போய்க் கையை நீட்டினான்.

"போனக் குடுங்கண்ணே. செத்துட்டேன்."

"செத்தே. இல்லங்கல. நாளைக்கு ஒன்னைய அடக்கம் பண்ணனும். நாளான்னைக்கு ஹீரோ ஒன்னைய மடியில போட்டு அழுவாரு. அது இன்னும் எடுக்கல."

"செத்தா அனுப்பிருவேன்னு சொன்னீங்களேண்ணே!"

"சாதாரணமாச் செத்திருந்தா அனுப்பியிருப்பேன். நீ இம்புட்டு நல்லாச் செத்துட்டா நான் என்னய்யா பண்றது? டைரக்டர் கதையவே மாத்திட்டாரு."

உயிரோடு இருந்தபோது அவன் ஓரத்தில் நின்றவன். செத்த பிறகோ அவனில்லாமல் படமே இல்லை. அன்று வடை தின்னாமல் படுத்துவிட்டான் சகாயவினோத்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நடக்க வேண்டிய அடக்கம், மேகம் வந்ததில் ஒரு மணிக்குத் தள்ளிப்போய், கதாநாயகனின் சாப்பாட்டில் இரண்டேகாலுக்கு வந்து நின்றது. மூங்கில் பாடை. முன்னால் வேதநாயகமும் வேல்ராஜும், பின்னால் வேறு இருவர். முகாம் வாயிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வெட்டியிருந்த குழிவரை தூக்கிப் போக வேண்டும். குழியை வெட்டியவன் வேல்ராஜ். தண்ணீர் வராத ஆழத்தில் நிறுத்தச் சொல்லி அவனுக்குக் கண்டிப்பான கட்டளை.

கண்ணை மூடிக் கிடந்த சகாயவினோத்துக்குக் காட்சி முழுவதும் காதிலும் தோலிலும்தான் நடந்தது. மார்பில் ஊற்றியிருந்த இரத்தம் சர்க்கரைப் பாகில் செய்தது. அதைத் தேடி எறும்புகள் வந்துகொண்டிருந்தன. பாடை உயர்ந்தது, ஆடியது, வாயிலின் நிழல் இமைமேல் ஒரு கணம் குளிர்ந்து விலகியது. வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்தான்.

"கட்! பொணம் சிரிக்குது."

"சிரிக்கல சார், எறும்பு கடிக்குது."

"பொணம் பேசாதே! ஒன் மோர். அப்படியே திருப்பி உள்ள கொண்டு போங்க."

பாடை அசையவில்லை. வேல்ராஜின் குரல், வழக்கத்தைவிடத் தாழ்ந்து கேட்டது.

"உள்ளயா? எடுத்த பொணத்தத் திருப்பி வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது சார்."

"இது பொணம் இல்லப்பா. இப்பத்தானே பேசுச்சு?"

"பேசட்டும் சார். பாடை பாடைதேன். வாசலத் தாண்டிருச்சு. திருப்பினா அடுத்து ஒண்ணக் கூப்பிடும். நான் தூக்க மாட்டேன்."

இது குழு வகுத்த திட்டம் அன்று. வேல்ராஜுக்கு நடிக்கத் தெரியாது என்பதைச் சகாயவினோத் ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறான். அவன் உண்மையாகவே பயந்திருந்தான். அந்தப் பயம் மூங்கில் வழியாகவே பாடைக்குள் நடுக்கமாக இறங்கியது. வேதநாயகம் தொண்டையைச் செருமினார்.

"எங்க சாதிசனத்துலயும் அப்படித்தான் சார். கோயில் வேற, வழக்கம் ஒண்ணு."

விளக்குத் தூக்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவர், தன் மைத்துனர் ஒரு படத்தில் பாடையைத் திருப்பிவிட்டு மறுவாரமே காலை உடைத்துக்கொண்ட வரலாற்றைச் சொன்னார். வாயில்காவல் தடியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றிருந்ததை, மணலில் நகரும் வெறுங்கால் ஓசையில் சகாயவினோத் அறிந்தான்.

"பாண்டித்துரை! நீங்களாவது சொல்லுங்க."

"சார்..." பாண்டித்துரை இழுத்தார். "எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல சார். நான் இதுல தலையிட மாட்டேன்."

கடலோசை. பிறகு, பல படங்களில் பல ஊர்க்காரர்களைச் சமாளித்த இயக்குநரின் களைத்த குரல்.

"சரி. போன வழியாத் திரும்பக் கூடாது, அவ்வளவுதானே? தோப்பச் சுத்திட்டுப் பின்வாசல் வழியா வாங்க. அது புது வழி, புதுச் சாவு. சீக்கிரம்."

பாடை புறப்பட்டது.

சவுக்கு ஊசிகள் காலடியில் நெரியும் ஓசை வந்ததும் சகாயவினோத் கண்ணைத் திறந்தான். மேலே வானமும் வேதநாயகத்தின் முதுகும் தெரிந்தன.

"சித்தப்பா, எறக்கி விடுங்க. ஓடிருவேன்."

"படுடா. கோபுரத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்காய்ங்க. ஓடுனா ஓடுகாலி. படுத்துப் போனா ஒருத்தன் கேக்க மாட்டான்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. தோப்பு முடிந்து தார்ச்சாலை வந்தபோது, ஐஸ் பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டி, கை காட்டாமலே நின்றது. ஓட்டுநர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் பின்கதவைத் திறந்தார். பின்னால் தூக்கி வந்த இருவரும் அங்கேயே விடைபெற்றார்கள். நாலு மணி வடைக்கு அவர்கள் திரும்பியாக வேண்டியிருந்தது.

வண்டியில் மீன்வாடை. இரு பக்கமும் வேதநாயகமும் வேல்ராஜும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். மொட்டைத் தலை, மார்பெல்லாம் இரத்தம், கழுத்தில் எண் அட்டை என்று கிடப்பவன் பாதி வழியில் எழுந்து உட்கார்ந்தால் ஓட்டுநர் வண்டியைக் கடலில் விட்டுவிடுவார் என்று வேதநாயகம் எச்சரித்ததால், அவன் செத்தே கிடந்தான். பாம்பன் கடைத்தெருவில் மாடு ஒன்று குறுக்கே நிற்க, வண்டி நின்றது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஐயோ, யாரு பெத்த புள்ளயோ! யாருப்பா இது?"

"சகாயவினோத்து" என்றான் வேல்ராஜ்.

"எப்படிச் செத்தான்?"

"கம்பி வேலியில வச்சுச் சுட்டுட்டாக."

வண்டி நகர்ந்தது. பின்னால் ஓர் அலறல் எழுந்தது. யாரோ ஒருவர் பைக்கை முறுக்கிக்கொண்டு வண்டியை முந்திப் பறந்தார்.

"ஏலே கிறுக்குப்பயலே! என்னடா சொன்ன?"

"கேட்டாக, சொன்னேன். சினிமாவுலன்னு சொல்றதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சுண்ணே."

சுடப்பட்டுச் செத்தான் என்ற செய்தி, அந்தக் கரையில் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் செய்தி அன்று. அதற்கு அங்கே பல முன்னுதாரணங்கள் உண்டு. வண்டி தேவாலயத் தெருவுக்குள் திரும்பியபோது துக்க மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக. தன் சாவுக்கு அடிக்கிற மணியைத் தானே கேட்டுக்கொண்டு கிடந்தபோது, ஒரு வாரமாக வராத பயம் சகாயவினோத்துக்கு அன்று வந்தது. அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வண்டி நிற்குமுன்பே எழுந்து குதித்தான்.

கூடியிருந்த கூட்டம் ஒரே அலையாகப் பின்வாங்கியது. ஒரு கிழவர் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மணிக்கயிற்றைப் பிடித்திருந்த உபதேசியார் அடுத்த அடியை அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றோடு மேலே போய்க் கீழே வந்தார். குட்டியானை ஓட்டுநர் அதற்குள் ஓடிவிட்டிருந்தார். வண்டி மட்டும் நின்றது. விளக்கம் சொல்லும் பொறுப்பை வேதநாயகத்திடம் விட்டுவிட்டு அவன் பங்குச்சாமி தங்கும் அறைவீட்டு வாசலுக்கு ஓடினான். பங்குச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு அம்பத்தேழு. உள்ள வா."

உள்ளே பெஞ்சில் லீமாரோஸின் தாய் தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் லீமாரோஸ் நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தாலும் கன்னத்தில் ஈரமில்லை.

"செத்துட்டேன்னு சொன்னாங்க" என்றாள் அவனிடம். "நான் நம்பல. அவனாவது சாகிறதாவது, எங்கயாவது மாட்டிக்கிட்டுக் கெடப்பான்னு சொன்னேன். வேணும்னா அம்மாட்டக் கேளு."

பங்குச்சாமி மேசைக்குப் பின்னால் அமர்ந்து, விசுவாச அறிக்கையைச் சொல்லும்படி சகாயவினோத்தைப் பணித்தார்.

அவன் சொன்னான். எறும்புகள் சட்டைக்குள் வேலையைத் தொடர்ந்ததால் ஒவ்வொரு வரிக்கும் அவன் உடல் துடித்தது. வாசலில் எட்டிப் பார்த்த பெண்கள் அதைப் பக்தி என்று எண்ணிக் கைகூப்பினார்கள். ஆண்டவர் ஆளுநன் பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு என்ற இடத்துக்கு வந்தபோது பங்குச்சாமி விரலை உயர்த்தினார். வெறும் ஒப்புவித்தல் அவருக்குப் போதாது; பொருளும் தெரிய வேண்டும்.

"பாடுபட்டுன்னா என்ன?"

கடற்கரையில் பாடு என்றால் அன்று வலையில் விழுந்த மீன். இன்று என்ன பாடு என்று கேட்காமல் எந்தப் படகும் கரை ஏறியதில்லை. சகாயவினோத்துக்கு இந்தக் கேள்வியில் கடினம் ஒன்றும் தெரியவில்லை.

"மீனு புடிச்சு, சாமி."

"பிலாத்துவோட அதிகாரத்துல மீன் பிடிச்சாரா?"

"ஆமா சாமி. அவன் அதிகாரத்துல உள்ள எடத்துல. எல்லை தாண்டிப் போய்ப் பாடு பாத்திருப்பாரு. அதான புடிச்சுக் கொண்டுபோய் அந்த அடி அடிச்சிருக்காய்ங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, நியாயமான விளக்கம்தானே என்பதுபோலத் தலையாட்டினாள். பங்குச்சாமி பல ஆண்டுகளாக அக்கரையில் பிடிபட்டவர்களுக்காக அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மனு எழுதிக் கொடுத்து வருபவர். இறையியலில் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்திலிருந்து ஒரு திருத்தத்தைத் தேடுகிறவர் போலச் சற்று நேரம் மேசையைப் பார்த்தார்.

"சரி. மேல சொல்லு" என்றார்.

அவன் முடித்தான். அவள் ஒரு மூச்சில் ஒப்புவித்தாள். பங்குச்சாமி பதிவேட்டைத் திறந்து, பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். லீமாரோஸ் அதன்மேல் கையை வைத்தாள்.

"ஒரு நிமிசம் சாமி. இவன்ட்ட ஒண்ணு கேக்கணும்." அவன் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ ஒன்னைய யாரு விட்டா?"

"யாரும் விடல."

"கெடு முடிஞ்சிருச்சா? யாராச்சும் பேசினாங்களா? மனு போட்டாங்களா?"

"இல்ல. கேட்டேன், விடல. தோண்டினோம், தண்ணி வந்துருச்சு. செத்தேன், அப்பவும் விடல." அவன் யோசித்தான். "மூணு பேரு சேந்து வந்தோம். நான் படுத்துக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா யாரும் விட்டு வரல. நானாத்தான் வந்தேன்."

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. பாண்டித்துரையின் குரல், "இங்க ஒரு பொணம் வந்துச்சாங்க?" என்று யாரையோ விசாரித்தது. அதற்குப் பதிலாகப் பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அவற்றில் எதுவும் மரியாதையான குரலாக இல்லை.

லீமாரோஸ் பேனாவை எடுத்து, தன் பெயரை முதலில் எழுதினாள். நிதானமாக, ஒரு சுழியையும் விடாமல் எழுதிவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் எழுதியபோது சர்க்கரைப் பாகு தாளில் ஒட்டி, இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு சிவந்த கட்டைவிரல் தடம் விழுந்தது. எறும்பு ஒன்று அவன் மணிக்கட்டிலிருந்து இறங்கி, அந்தத் தடத்தை நோக்கி நடந்தது. அவள் குனிந்து அதை ஊதிவிட்டாள்.

"போய்க் குளி. நாளைக்கு முதப் பூச ஆறு மணிக்கு. ஓலை வாசிக்கயில நீ கோயிலுக்குள்ள நிக்கணும், யாரும் தூக்கிட்டு வராம."